மலை நகரப் பள்ளியில் முதல் பருவம்: புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு

உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பள்ளிகளுக்குப் புது நியமனத்திலோ மாறுதலிலோ வருகிற ஆசிரியர் முதலில் விசாரிப்பது வீட்டு வாடகையையும் குளிரையும்தான். வகுப்பைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. முப்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் அறையில் நான்கைந்து வீட்டு மொழிகள் இருக்கும் என்பது இரண்டாம் வாரம்தான் தெரிய வருகிறது. அதற்குள் "இது பேசாது சார்", "அது மக்கு டீச்சர்" என்று பக்கத்து வகுப்பிலிருந்து முத்திரையும் வந்து சேர்ந்துவிடும்.

கேட்ட கேள்விக்கு ஒரு பிள்ளை பதில் சொல்லாமல் நிற்கிறது. காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும்: கேள்வியின் மொழி புரியவில்லை, பாடம் தெரியவில்லை, கண்ணிலோ காதிலோ குறை, அல்லது பயம், பசி, ஈரச் சாக்ஸ். வெளியிலிருந்து பார்த்தால் நான்கும் ஒரே மௌனம். மருந்து நான்குக்கும் வேறு வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான முதல் பருவத்தில், பாடம் நடத்துவதோடு கூடவே இந்த நான்கையும் பிரித்துப் பார்ப்பது உங்கள் பெரிய வேலை. அதை எப்படிச் செய்வது என்பதே கீழே உள்ளது.

யார் வீட்டில் என்ன மொழி

படகர் பிள்ளைகள் வீட்டில் பேசுவது படுகு. கன்னடத்துக்கு நெருங்கியது. நகரத்தை ஒட்டிய ஹட்டிகளிலிருந்து (படகர் ஊர்களிலிருந்து) வருபவர்களுக்குத் தமிழும் சேர்ந்தே பழகியிருக்கும். தோடர், கோத்தர் மொழிகள் தமிழ் தெரிந்தவர் காதுக்கு எளிதில் பிடிபடாதவை, ஒன்றுக்கொன்றும் வேறானவை. இருளர் பேச்சு தமிழுக்குக் கிட்டத்தில் இருக்கும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பணியர் பேச்சு மலையாளத்தை ஒட்டியும், காட்டுநாயக்கர் பேச்சு கன்னடத்தை ஒட்டியும் இருக்கும். அங்கே கடைத்தெருவிலேயே மலையாளம்தான் பாதி.

இவர்களோடு 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் மொழி தமிழேதான். சில சொற்களும் இழுப்பும் வேறாக இருக்கும், அதைத் திருத்தப் போகாதீர்கள். அண்மைக் காலத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த ஜார்க்கண்ட் தொழிலாளர்களின் பிள்ளைகளும் உண்டு. இவர்களில் சிலருக்கு இந்தியே இரண்டாம் மொழி. வீட்டில் சாத்ரியோ முண்டாரியோ பேசுவார்கள். ஆகவே "இந்தி தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டால் போதும்" என்ற கணக்கு எப்போதும் பலிக்காது.

புதியவர்கள் வழக்கமாகத் தவறும் இடம் ஒன்று. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறும் பழங்குடிப் பட்டியலில் உள்ளவை. படகர் அந்தப் பட்டியலில் இல்லை. பெயரையும் ஊரையும் வைத்து நீங்களாக எதையும் முடிவு செய்யாதீர்கள். உதவித்தொகைப் படிவம் வந்த அன்று "எஸ்.டி. பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்" என்று வகுப்பில் சொல்லவே கூடாது. பதிவேட்டைப் பார்த்து, இடைவேளையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினால் வேலை முடிந்தது. பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் தாய்மொழிக் கட்டத்தில் "தமிழ்" என்று இருப்பதை அப்படியே நம்பிவிட வேண்டாம். சேர்க்கை நாளின் அவசரத்தில் எல்லாருக்கும் ஒரே சொல் விழுந்திருக்கலாம். "வீட்டில் பாட்டியோடு எந்தப் பேச்சு பேசுவாய்?" என்று பிள்ளையிடம் கேட்டால் சரியான விடை வரும்.

முதல் இரண்டு வாரம்: தனித்தனியாகக் கேட்பது

ஒரு பிள்ளைக்கு எட்டு நிமிடம், ஒரு நாளைக்கு ஐந்து பிள்ளைகள். 35 பேர் உள்ள வகுப்பு ஏழு வேலை நாளில் முடியும். மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் படம் வரைதலோ ஜோடி வாசிப்போ கொடுங்கள். இதைத் தேர்வு என்று சொல்லாதீர்கள். மதிப்பெண் போடாதீர்கள். மேசைக்கு எதிரே நிற்க வைக்காமல் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

தேவையானவை: சந்தை அல்லது பேருந்து நிலையம் போல ஆட்கள் நிறைந்த ஒரு படம், இருபது மொச்சைக் கொட்டை, எழுத்துகளும் சொற்களும் எழுதிய ஒரு அட்டை, ஒரு வெள்ளைத்தாள்.

முதலில் படத்தைக் காட்டி, வீட்டுப் பேச்சில் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு ஒரு சொல்லும் புரியாது, பரவாயில்லை. வாக்கியம் நீளமாக வருகிறதா, தடையில்லாமல் வருகிறதா, கையைக் காட்டி ஒற்றைச் சொல்லில் நிறுத்துகிறதா என்று மட்டும் கேளுங்கள். பிறகு அதே படத்தைத் தமிழில். முன்னதில் ஓட்டமும் பின்னதில் தயக்கமும் இருந்தால் பிள்ளைக்கு மொழி வளமாக இருக்கிறது, தமிழ்தான் புதிது. இரண்டிலும் ஒற்றைச் சொல்தான் என்றால் உடனே எதையும் தீர்மானிக்காமல் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். புது ஆளிடம் வாயே திறக்காத பிள்ளைகள் மலையில் ஏராளம்.

இரண்டாவது, கை காட்டாமல், கண்ணால் சுட்டாமல் ஐந்து ஏவல்கள். "நோட்டுக்குக் கீழே பென்சிலை வை." "சன்னல் வரை போய்த் திரும்பி வா." "மூன்று கொட்டையை எடுத்து, ஒன்றை எனக்குக் கொடு." புதிய ஆசிரியர்கள் தம்மை அறியாமலே பென்சிலைப் பார்த்துக்கொண்டு "பென்சில்" என்பார்கள். பிள்ளை கண்ணைப் படித்துச் செய்துவிடும். "எல்லாம் புரியுது" என்று எழுதிவிட்டுப் பிறகு மூன்று மாதம் திண்டாடுவார்கள்.

மூன்றாவது வாசிப்பு. பத்து எழுத்து, பத்துச் சொல், நாலு வரிப் பத்தி. எழுத்தில் நின்றால் சொல்லுக்குப் போக வேண்டாம். பத்தியை வாசித்துவிட்டால் "அவன் எங்கே போனான்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். கணீரென்று வாசித்துவிட்டுப் பொருள் தெரியாமல் நிற்கும் பிள்ளைகள்தான் ஐந்தாம் வகுப்பு வரை யார் கண்ணிலும் படாமல் வந்துவிடுகிறார்கள்.

நான்காவது கணக்கு. கொட்டையை வைத்து 7, 5 சேர்க்கச் சொல்லுங்கள். அதையே எழுதிக் காட்டுங்கள். அதையே வாக்கியமாகச் சொல்லுங்கள். கொட்டையிலும் எழுத்திலும் சரி, வாக்கியத்தில் மட்டும் தவறு என்றால் அது கணக்குக் குறை அல்ல.

கடைசியாகக் கண்ணும் காதும். கடைசி பெஞ்சில் உட்கார வைத்து, பலகையில் உள்ள எழுத்துகளை ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி வாசிக்கச் சொல்லி, பிறகு மறு கண்ணுக்கும் அப்படியே செய்யுங்கள். காதுக்கு, பிள்ளைக்குப் பின்னால் நான்கடி தள்ளி நின்று, வாயை வெள்ளைத்தாளால் மறைத்து, சாதாரணக் குரலில் மூன்று சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வையுங்கள். இது மருத்துவச் சோதனை அல்ல, மருத்துவரிடம் அனுப்ப வேண்டுமா என்று பார்ப்பது மட்டுமே. குளிர்காலச் சளிக்குப் பின் சில வாரம் காது மந்தமாக இருக்கும் பிள்ளைகள் உண்டு. சளியோடு வந்தவர்களை அடுத்த மாதம் மறுபடி பாருங்கள். ஐயம் தொடர்ந்தால் தலைமையாசிரியர் வழியாக வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியருக்குத் தெரிவியுங்கள்.

எழுத்தில் வரும் தவறுகளுக்குக் காரணம் இருக்கிறது

இந்தி படித்துவிட்டு வரும் பிள்ளை தமிழில் "கெ" என்பதற்குக் கொம்பைக் "க"வுக்குப் பின்னால் போடும். "கி"யில் சுழியை முன்னால் போடப் பார்க்கும். தேவநாகரியில் இகரக் குறி எழுத்துக்கு முன்னால் வரும், எகரக் குறி எழுத்தின் தலைமேல் நிற்கும். பழகிய கை அப்படித்தான் போகும். சிவப்பு மையால் சுழித்துப் பயனில்லை. முதல் வாரம் கா, கி, கீ, கு, கூ மட்டும். கொம்பு வருகிற கெ, கே, கை அடுத்த வாரம். கொ, கோ, கௌ அதற்குப் பிறகு. மலையாளம் படித்த பிள்ளைக்குக் கொம்பு முன்னால் வருவது ஏற்கெனவே பழக்கம். ழ, ள, ற வேறுபாடும் பெரும்பாலும் தெரியும். அதே பயிற்சியை அவர்களுக்கும் கொடுத்தால் சலித்துப் போவார்கள்.

"க" என்ற ஒரே எழுத்தை "கடல்" என்பதில் ஒரு விதமாகவும் "தங்கம்" என்பதில் ஒரு விதமாகவும் "பகல்" என்பதில் இன்னொரு விதமாகவும் வாசிக்கிறோம். தனித்தனி எழுத்து உள்ள மொழியிலிருந்து வருபவருக்கு இது குழப்பம். விதியை விளக்க வேண்டாம். மூன்று பத்தியாகச் சொற்களை எழுதிச் சுவரில் ஒட்டி, தினமும் இரண்டு நிமிடம் சேர்ந்து வாசித்தால் போதும்.

எண்ணுப் பெயர்களில் தொண்ணூறும் தொள்ளாயிரமும் எல்லாரையும் கவிழ்க்கும். "தொண்ணூறு" என்பதில் நூறு காதில் விழுவதால் 900 என்று எழுதுவார்கள். அதை இடமதிப்புத் தெரியாத பிழை என்று எடுத்துக்கொண்டு ஒரு வாரம் இடமதிப்பு நடத்துவது வீண். 80, 90, 800, 900 நான்கையும் எண்ணும் சொல்லுமாக ஒரே அட்டையில் எழுதிக் காட்டுங்கள்.

ஒரு பாடத்தை எப்படி நடத்துவது

நான்காம் வகுப்பு. வாக்கியக் கணக்கு: "ராணி காலையில் 14 கிலோ, பிற்பகலில் 17 கிலோ கொழுந்து பறித்தார். நிறுவையில் ஈரத்துக்கும் சாக்குக்கும் 3 கிலோ கழித்தார்கள். மீதி எத்தனை கிலோ?"

கொழுந்து, நிறுவை, கழிவு இவற்றைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் உங்களுக்குச் சொல்லித்தருவார்கள். தடுமாற வைப்பவை "பிற்பகல்", "கழித்தார்கள்", "மீதி" ஆகிய மூன்று சொற்கள்தாம். முதல் ஐந்து நிமிடம் அவற்றுக்கே. தட்டில் 14 கொட்டை, இன்னொன்றில் 17, இரண்டையும் ஒன்றாகக் கொட்டுங்கள், 3 எடுத்து வெளியே வையுங்கள். வெளியே வைக்கும்போது "கழிக்கிறேன்", தட்டைக் காட்டி "மீதி".

அடுத்து, நடந்ததைப் பக்கத்துப் பிள்ளைக்கு எந்த மொழியிலாவது சொல்லச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் வகுப்பு சந்தையாக இருக்கும். இருக்கட்டும். பிறகு பலகையில் சட்டம் போடுங்கள்:

காலையில் ___ கிலோ. பிற்பகலில் ___ கிலோ.
இரண்டும் சேர்ந்து ___ கிலோ.
___ கிலோ கழித்தால் மீதி ___ கிலோ.

எல்லாரும் இதை நிரப்பி வாய்விட்டு வாசிக்க வேண்டும். விடை 28 என்று எழுதிவிட்டு உட்கார்ந்தால் போதாது. அந்த மூன்று வரியைத் தமிழில் சொன்னால்தான் பாடம் முடிந்தது.

அதன் பிறகு வேலையைப் பிரியுங்கள். தமிழ் புதிதாக உள்ளவர் அதே சட்டத்தில் 126, 148 என்று பெரிய எண்களோடு செய்யட்டும். கணக்கு தடுமாறுபவர் சிறிய எண்களோடு கொட்டை வைத்துச் செய்யட்டும். இரண்டும் வருபவர் கேரட் மூட்டையோ உருளைக்கிழங்கு மூட்டையோ வைத்துத் தாமே ஒரு கணக்கு எழுதி அடுத்தவருக்குக் கொடுக்கட்டும். மொழி தெரியாத பிள்ளைக்குக் கணக்கைச் சுலபமாக்குவதுதான் எங்கும் நடக்கிற தவறு. ஜார்க்கண்டில் மூன்றிலக்கக் கூட்டல் முடித்துவிட்டு வந்த பத்து வயதுப் பிள்ளையிடம் 5, 3 கூட்டச் சொன்னால் அது தலையைக் குனிந்துகொள்ளும். பிறகு நிமிர்த்துவது கடினம். எளிமையாக்க வேண்டியது வாக்கியத்தை.

சட்டத்தை எடுத்துவிட மறக்கக் கூடாது. இரண்டு வாரம் முழுச் சட்டம், அடுத்த வாரம் "இரண்டும் சேர்ந்து", "மீதி" மட்டும், அதற்கடுத்து ஒன்றுமில்லை. ஆண்டு முழுக்க வைத்திருந்தால் பிள்ளை கட்டத்தை நிரப்பப் பழகும், வாக்கியத்தை வாசிக்காது.

கேள்வி கேட்டபின் மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். வேறு மொழியில் யோசித்துத் தமிழில் திருப்பிச் சொல்ல அவ்வளவு நேரம் ஆகும். "எல்லாரும் சொல்லுங்க" என்ற கூட்டுப் பதிலில் பேசாத பிள்ளை ஒளிந்துகொள்ளும். ஐஸ் குச்சிகளில் பெயர் எழுதி டப்பாவில் போட்டு எடுத்துக் கூப்பிடுங்கள். முதல் மாதம் மட்டும், மிகவும் கூச்சப்படுபவரிடம் "நாளைக்கு உன்னிடம் இந்தக் கேள்வி" என்று முன்பே சொல்லி வைப்பதில் தவறில்லை.

பக்கத்தில் யார் உட்காருவது

அதே வீட்டு மொழி பேசும், தமிழ் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் வையுங்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நிரந்தர மொழிபெயர்ப்பாளராக்கப்பட்ட பிள்ளையின் சொந்தப் படிப்பு கெடும், மற்றதும் ஆசிரியரைக் கேட்பதை நிறுத்திவிடும்.

அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று ஏறிச் செல்லும் நிலைகள் கற்பித்தலுக்காக. 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்து, மறு ஆண்டே ஐந்தாம் வகுப்பு வரை நீண்ட திட்டம் அது. "அரும்புப் பசங்க இங்க வாங்க" என்று வராந்தாவில் கூப்பிட ஆரம்பித்தால் நிலை பட்டப்பெயராகிவிடும். தமிழில் அரும்பாக இருப்பவர் கணக்கில் மலராக இருக்கலாம். பாடத்துக்குப் பாடம் குழு மாறட்டும்.

ஆண்டு விழாவில் பழங்குடிப் பிள்ளைகளை மட்டும் "உங்க டான்ஸ் ஆடுங்க" என்று மேடையேற்றுவதை விட்டுவிடலாம். ஆசைப்பட்டு வந்தால் சரி. தென்மேற்குப் பருவமழை பற்றிப் பாடம் நடத்தும்போது அந்தப் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்பது இன்னும் பெரிய மரியாதை.

மழையும் இருட்டும் கூரையும்

ஜூலை, ஆகஸ்டில் மேகம் வகுப்புக்குள் வரும். பகல் பதினொரு மணிக்கே பலகை தெரியாது. எழுத்து நான்கு விரல் உயரம் இருக்க வேண்டும், பலகையை வாரம் ஒருமுறையாவது ஈரத்துணியால் துடைக்க வேண்டும். தகரக் கூரையில் மழை அடித்தால் இரண்டாம் பெஞ்சுக்குக் கூடக் குரல் போகாது. கத்தினால் தொண்டைதான் போகும். தமிழ் புதிதாக உள்ளவருக்குப் பாதிச் சத்தத்தில் கேட்கும் வாக்கியம் முற்றிலும் வீண். மழைக்கென்று ஒரு கட்டு வேலை தயாராக வையுங்கள்: படத்தோடு சொல் பொருத்தும் அட்டை, ஜோடி வாசிப்பு, பலகையில் எழுதிய மூன்று ஏவல்கள்.

காலையில் ஈரச் சாக்ஸோடு வரும் பிள்ளை முதல் பீரியட் முழுக்கக் காலையே நினைத்துக்கொண்டிருக்கும். பழைய செய்தித்தாளும் ஒரு துணிக் கயிறும் வகுப்பில் இருக்கட்டும்.

அரிவாள் செல் இரத்தசோகை

நீலகிரிப் பழங்குடிக் குடும்பங்களிலும் கூடலூர்ப் பக்கத்தின் வேறு சில சமூகங்களிலும் இந்தப் பரம்பரை நோய் உண்டு. குளிர், நீர் குறைதல், அளவு மீறிய ஓட்டம், காய்ச்சல் ஆகியவை திடீரென்று கை, கால், மார்பு வலியைக் கிளப்பும். அப்படிப்பட்ட பிள்ளையைக் குளிரில் காலை வணக்கத்துக்கு நிற்க வைக்காதீர்கள். தண்ணீர் பாட்டில் மேசைமேலேயே இருக்கட்டும், கழிப்பறைக்கு எப்போது கேட்டாலும் அனுப்புங்கள். விளையாட்டில் சேர்க்கலாம், பந்தயம் வேண்டாம். அதற்கு மேல் என்ன செய்யலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும். காய்ச்சலோ மூச்சுத் திணறலோ மார்பு வலியோ வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் காத்திராமல் 108ஐ அழையுங்கள். யாருக்கு இந்த நோய் என்பது உங்களுக்கும் தலைமையாசிரியருக்கும் தெரிந்தால் போதும்.

வராத நாள்களும் பெற்றோரும்

தாமதத்துக்கு வெளியே நிற்க வைப்பது மலையில் அர்த்தமற்றது. ஒரு பஸ் தவறினால் அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து வரும். பந்தலூர்ப் பக்கம் சாலையில் யானை நின்றால் யாரும் நகர முடியாது. கல்வி உரிமைச் சட்டம் 2009 உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. குளிரில் வெளியே நிற்க வைப்பது இரண்டும்தான்.

கொழுந்து கூடுதலாக வரும் மாதங்களில் மூத்த பெண்பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுவார்கள். மார்கழி, தை வாக்கில் படகர் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவுக்கு ஹட்டியே காலியாகும். அந்த வாரம் புதுப் பாடம் தொடங்காமல் மீள்பார்வை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் சேர்ந்து வராவிட்டால் போன் செய்யுங்கள், "ஏன் அனுப்பல?" என்று தொடங்காமல், "பிள்ளைக்கு உடம்பு நல்லா இருக்காம்மா?" என்று தொடங்குங்கள்.

பெற்றோரைக் காலை பதினொரு மணிக்கு வரச் சொன்னால் அன்றைய கூலி போகும். அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கோ பாடிக்கோ மாலை ஐந்து மணிக்கு நீங்கள் ஒருமுறை போனால் பத்துக் கடிதத்தின் வேலை முடியும். எழுத்துச் செய்தியைவிட வாட்ஸ்அப்பில் முப்பது விநாடிக் குரல் செய்தி நல்லது. தமிழ் வாசிக்கத் தெரியாதவர் அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்துக் கேட்டுக்கொள்வார். "வீட்டிலும் தமிழே பேசுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். தாய்க்கே வராத மொழியில் வீட்டில் பேச்சு சுருங்கும், பிள்ளைக்கு இரண்டு மொழியும் மெலியும்.

காகித வேலை

நடு ஆண்டில் டி.சி. இல்லாமல், பிறப்புச் சான்று இல்லாமல் ஒரு பிள்ளை வந்து நின்றால் திருப்பி அனுப்ப முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துவிட்டு ஆவணங்களைப் பிறகு தேட வேண்டும் என்பதே சட்டம். பத்து வயதுப் பிள்ளையைத் தமிழ் வரவில்லை என்று ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது. ஐந்தாம் வகுப்பிலேயே வைத்து, தினமும் நாற்பது நிமிடம் தனியாகத் தமிழ் கொடுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் வாசித்தலிலும் கணக்கிலும் வரும் கற்றல் குறைபாடும் உண்டு. வீட்டு மொழியிலும் எழுத்தறிவு முயற்சியிலும் இரண்டு பருவம் உழைத்தபின்னும் நகராத பிள்ளைக்கே அந்தப் பரிசோதனையைக் கேளுங்கள். தமிழ் தெரியாததைக் குறைபாடு என்று எழுதிவிட்டால் அது சான்றிதழாகப் பின்தொடரும். மெய்யாகவே தேவைப்படுபவருக்கு எட்டாம் வகுப்பிலேயே பரிந்துரை போக வேண்டும். மருத்துவக் குழு உட்காரும் நாள், உதகை வரை பஸ், பெற்றோரின் கூலி நாள் மூன்றும் ஒத்து வர மாதங்கள் ஆகும். கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் கிடைக்க வேண்டுமானால், விண்ணப்பம் போகும் நாளில் சான்று கையில் இருக்க வேண்டும்.